ஆளின்மைச் சான்று

என் மனைவி ஷப்னம் இறந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அரசாங்கத்துக்கு அது தெரியாது. அரசாங்கத்துக்குத் தெரிந்ததெல்லாம், என் மகள் நுஸைபா பிறந்த அன்றே இறந்துவிட்டாள் என்பதுதான்.

இதில் யார்மீதும் குற்றமில்லை என்று எனக்கு எழுத்தில் தந்திருக்கிறார்கள். பிரசவத்தில் மனைவி போனாள், குழந்தை தங்கியது. மருத்துவமனைக் கணினி அன்றைய பிறப்பு இறப்புகளைத் திண்டுக்கல்லில் உள்ள குடும்பத் தரவு அனுப்பு நிலையத்துக்கு அனுப்பியது. நிலையத்தின் கணினி மாலை ஆறு மணிக்கு அவற்றையும் அன்றைய மற்றக் குடும்பப் பதிவுகளையும் சென்னையிலுள்ள பெரிய கணினிக்கு அனுப்பத் தொடங்கியது. பாதியில் கரண்ட் போனது. கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஆனால் ஒரு வரி தள்ளித் தொடர்ந்தது. ஷப்னத்தின் வரியில் விழவேண்டியது நுஸைபாவின் வரியில் விழுந்தது. அன்று மாலை அனுப்பப்பட்ட எல்லாக் குடும்பங்களுக்கும் இப்படி ஏதோ ஒன்று ஒரு வரி தள்ளி விழுந்தது.

அப்போது இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதையுமே எடுத்துக்கொள்ளவில்லை. பேகம்பூரில் மாமா அப்துல் ஹக்கீமின் தோல் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். காலையில் போவேன், மாலையில் வருவேன். ஷப்னத்தின் பேருக்குக் குறுஞ்செய்திகள் வந்துகொண்டிருந்தன. 'அன்புள்ள தாயே, உங்கள் நலமே எங்கள் அக்கறை.' அழிக்கவில்லை. பதிலும் போடவில்லை.

பிறகு நுஸைபாவுக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தது. கண்டுபிடித்தவள் என் தங்கை பாஸிலா. குழந்தைக்குப் பின்னால் எவர்சில்வர் தாம்பாளம் ஒன்று விழுந்தது. தெருவே திரும்பிப் பார்த்தது. குழந்தை திரும்பவில்லை. மதுரையில் மருத்துவர் காதுக்குள் கருவி வைக்கலாம் என்றார். வைத்தால் கேட்கும், கேட்டால் பேச்சு வரும், ஆனால் சின்ன வயதிலேயே வைக்க வேண்டும் என்றார். செலவைக் காப்பீடு ஏற்றுக்கொள்ளும். காப்பீட்டு மேசையில் ரூபி என்ற பெண் இருந்தாள். எங்கள் அட்டை எண்ணைக் கணினியில் போட்டாள். திரையைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"இந்தப் பாப்பா இறந்திருச்சே சார்" என்றாள்.

நுஸைபா அவள் மேசையிலிருந்த ஸ்டேப்ளரை எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"திருத்திட்டு வாங்க சார். திண்டுக்கல்லயே முடிஞ்சிரும். ஒரு பட்டன்தான்."

அது உண்மைதான். ஒரு பட்டன்தான்.

அனுப்பு நிலையம் பழனி சாலையில் புதுக் கட்டடத்தில் இருக்கிறது. 'மனிதக் கை படாத சேவை' என்று வாசலில் எழுதியிருக்கும். முன்பெல்லாம் ஊழியர் ஒருவர் கணினிமுன் உட்கார்ந்து கோப்புகளை அனுப்புவார். அவ்வப்போது தவறு செய்வார். மனிதத் தவறை ஒழிக்க மனிதனை அந்த அறையிலிருந்து ஒழிப்பது என்று முடிவானது. அதன்படி மாலை ஆறு மணிக்கு மணி அடித்ததிலிருந்து அனுப்புதல் முடியும்வரை கணினி அறையில் ஆள் இருக்கக் கூடாது. இருந்தால் அன்றைக்கு அனுப்பியது முழுவதும் செல்லாது. அறையிலிருந்த நாற்காலியையும் எடுத்துவிட்டார்கள். நாற்காலியைப் பார்த்தால் உட்காரும் எண்ணம் வரும் என்று ஒரு குழு அறிக்கை தந்திருந்தது.

அறையில் ஆளில்லை என்பதை உறுதிசெய்ய ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஒருவர் பார்த்த வேலைக்கு இப்போது பதினொரு பேர். காவலர் முகேஷ்குமார் கதவைப் பூட்டுவார். அல்போன்சா என்ற அம்மாள் கதவிலுள்ள கண்ணாடி வழியாக உள்ளே பார்த்து, யாருமில்லை என்று ஆளின்மைச் சான்றில் கையெழுத்திடுவார். மற்றவர்கள் தாங்கள் உள்ளே இல்லை என்று ஒரு பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். லீவில் இருப்பவர்களும் அதற்காக மாலையில் வந்து போவார்கள்.

நிலையப் பொறுப்பாளர் சிவபிரகாஷ் நல்ல மனிதர். தேநீர் தருவார்.

"கோளாறு இருக்கு பாய், ஒத்துக்கறேன். திருத்தமும் ரெடி. தெனமும் ஆறு மணிக்கு அனுப்பிக்கிட்டுதான் இருக்கோம். பெரிய சிஸ்டம் ஒரு கேள்வி கேக்கும். இந்தப் பேர்ல ஏற்கனவே தகவல் இருக்கு, மாத்தவான்னு. ஆமான்னா 'ஒய்' எழுத்த அமுக்கணும். வேணாம்னா 'என்' எழுத்த அமுக்கணும். அம்புட்டுத்தான்."

"அமுக்க வேண்டியதுதானே சார்?"

"யாரு அமுக்குவா? உள்ள ஆளில்லையே."

நான் யோசித்தேன்.

"அப்புறம் என்னாகும்?"

"செத்த நேரம் பாக்கும். பதில் வரலேன்னா வேணாம்னு எடுத்துக்கிட்டு அடுத்த பேருக்குப் போயிரும்."

"தெனமும் அனுப்புறீங்க. தெனமும் திரும்பி வருது."

"அனுப்புறதுல நாம நூறு சதவீதம் பாய். மாநிலத்துலயே மொத நிலையம். ஏத்துக்கறது அவங்க பாடு."

தேநீரைக் குடித்தேன். அவர் என் கோப்பின் பக்கங்களைப் புரட்டினார். குரலைத் தணித்துக் கேட்டார்.

"தப்பா நெனக்காதீங்க. இன்னைக்குத் தேதியில உங்க வீட்டம்மா உயிரோட இருக்காங்க. அதுல உங்களுக்கு என்ன ஆட்சேபணை?"

எழுந்து வந்துவிட்டேன்.

சென்னைக்கும் போனேன். அங்கே பெரிய கணினியைக் கண்ணாடிக்கு அப்பால் காட்டினார்கள். அலமாரிகள் வரிசையாக நின்றன. நாங்கள் வாங்குகிறவர்கள், அனுப்புகிறவர்கள் அல்ல, வருவதை வாங்கிக்கொள்வோம், வராததை வாங்க முடியாது என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். இரவுப் பேருந்தில் திரும்பினேன்.

அதன்பின் மாலையில் மண்டியிலிருந்து நேராக நிலையத்துக்குப் போக ஆரம்பித்தேன். போய் ஒன்றும் ஆகாது. ஆனாலும் கண்ணாடி வழியாக என் கேள்வி திரையில் வருவதைப் பார்க்கலாம். குடும்பத் தலைவரின் படமும் துணையின் படமும் வரும். கீழே கேள்வி மினுங்கும். பிறகு போய்விடும். என்னைப்போல் நிறையப் பேர் அதைப் பார்க்க வந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே பெஞ்சு போட்டிருந்தார்கள்.

சாணார்பட்டிப் பக்கம் பூ விவசாயம் பார்க்கும் சுந்தரம்மாள் அங்கேதான் பழக்கம். ஒரு வரி தள்ளியதில் அவர் தன் சொந்த மகனுக்கு மனைவியாகவும், மருமகள் அவருக்கு மாமியாராகவும் பதிவாகியிருந்தார்கள்.

"எம்மருமக சிரியாச் சிரிக்கிறா தம்பி. வெஞ்சனத்துல உப்பில்லைன்னு சொன்னா, மாமியாக்காரிட்ட மரியாதையாப் பேசு புள்ளைங்கிறா. பேரன அங்கன்வாடியில சேக்கப் போனா, அப்பாவோட அம்மா யாரு, பையனோட அம்மா யாருன்னு அந்த டீச்சருக்கு விடியவே மாட்டேங்குது."

கீரனூரிலிருந்து நாச்சிமுத்து என்ற பெரியவர் வருவார். தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். தன் கோளாறு என்ன என்று மட்டும் சொல்ல மாட்டார்.

"சின்னக் கோளாறுதானுங்க" என்பார். "இருந்தும் இல்லாத மாதிரிங்க."

ஒரு நாள் பாஸிலாவுக்குக் காய்ச்சல். நுஸைபாவை என்னோடு நிலையத்துக்கு எடுத்துப் போனேன். முகேஷ்குமார் கதவைப் பூட்டப்போன நேரத்தில் என் கையை உதறிவிட்டு அவர் காலுக்கு இடையில் நுழைந்து ஓடினாள். அவர் கவனிக்கவில்லை. பூட்டினார். மணி அடித்தது.

அல்போன்சா அம்மாள் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பேனா நின்றுவிட்டது.

"சார், உள்ள ஆளிருக்கு."

சிவபிரகாஷ் ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது. நூறு சதவீதம் அன்றோடு முடிந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மணி அடித்தபின் கதவைத் திறக்கவும் விதியில்லை. உள்ளே நுஸைபா பேப்பர் பண்டல் ஒன்றின்மேல் ஏறி நின்று விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"யார் புள்ள இது?"

"என் பிள்ளைதான் சார்."

"எந்தப் புள்ள? அந்தப் புள்ளயா?"

அவர் தன் அறைக்குப் போய் விதிப் புத்தகத்தோடு வந்தார். நின்றபடியே வாசித்தார். "ஆள் எனப்படுவது, குடும்பத் தரவில் உயிருடன் உள்ளதாகக் காட்டப்படும் நபர்." இன்னொருமுறை வாசித்தார். முகத்தில் ரத்தம் திரும்பியது.

"அம்மா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. உள்ள ஆளிருக்கா?"

அல்போன்சா அம்மாள் குழந்தையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருக்கும் குழந்தைகள் உண்டு என்று நினைக்கிறேன். தலையைக் குனிந்து, "ஆளில்ல சார்" என்று கையெழுத்திட்டார்.

அந்த நேரத்தில் திரையில் சுந்தரம்மாளின் கேள்வி இருந்தது. நுஸைபா உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். கேள்வி மறைந்து, 'மாற்றப்பட்டது' என்று வந்தது. அந்த நிலையத்தில் யாரும் அதுவரை பார்த்திராத சொல் அது. சுந்தரம்மாள் எழுந்து நின்றார்.

"மாறிருச்சா? நெசமாவா? அப்ப நாந்தேன் மாமியாளா?"

மறுநாள் நிலையம் என்னை முறைப்படி அழைத்தது. மாவட்டத்தில் அந்த அறைக்குள் நிற்கத் தகுதி உள்ளவர் என் மகள் ஒருத்திதான் என்று சிவபிரகாஷ் சொன்னார். தகுதி என்றுதான் சொன்னார். நானும் சரி என்றேன். அவளுடைய கேள்விக்கும் அவளே பதில் சொல்லிவிடலாம் அல்லவா.

அவளுக்குக் காது கேட்காது, எழுத்தும் தெரியாது. சுந்தரம்மாள் தன் வேலை முடிந்த பிறகும் வந்திருந்தார். தன் நெற்றியிலிருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து 'ஒய்' விசையில் ஒட்டினார். மருமகளின் கறுப்புப் பொட்டு ஒன்று கைப்பையில் இருந்தது. அது 'என்' விசைக்கு. கண்ணாடிக்கு வெளியே நான் நிற்க வேண்டும். வலக் கன்னத்தைத் தொட்டால் சிவப்பு, இடக் கன்னத்தைத் தொட்டால் கறுப்பு. சரியாகச் செய்தால் கட்டை விரலை உயர்த்த வேண்டும். நுஸைபாவுக்கு இந்த விளையாட்டு ஒரே மதியத்தில் பிடிபட்டது.

அன்று மாலை சில பேருடைய கேள்விகள் முடிந்தபின் எங்களுடையது வந்தது. என் படம், பக்கத்தில் ஷப்னத்தின் படம். நுஸைபா என் படத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி என்னைச் சுட்டிக் காட்டிச் சிரித்தாள். பக்கத்திலிருந்த பெண்ணை அவளுக்குத் தெரியாது. நான் வலக் கன்னத்தைத் தொட்டேன்.

அவள் சிவப்பை அமுக்கினாள்.

என் கைபேசி அதிர்ந்தது. 'வாழ்த்துகள். உங்கள் குடும்பத்தில் ஓர் உறுப்பினர் சேர்க்கப்பட்டுள்ளார்.' அதே நொடியில் நிலையம் முழுக்க அபாயச் சங்கு ஒலித்தது. உள்ளே ஆள் இருப்பதைக் கேமரா வழியாகக் கணினி கண்டுபிடித்துவிட்டது.

அன்றைக்கு அனுப்பியது அத்தனையும் செல்லாது என்றார்கள். மறுநாள் காலை இன்னொரு செய்தி வந்தது. 'வருந்துகிறோம். உங்கள் குடும்பத்தில் ஓர் உறுப்பினர் நீக்கப்பட்டுள்ளார்.'

சிவபிரகாஷ் கதவைச் சாத்திக்கொண்டு எனக்கு விளக்கினார்.

"உயிர் வந்த நிமிசமே அவ ஆளு. ஆளிருந்தா அனுப்புனது செல்லாது. செல்லாதுன்னா உயிர் வரல. உயிர் வரலேன்னா ஆளில்ல. ஆளில்லேன்னா அனுப்புனது செல்லும். செல்லும்னா..." நிறுத்தித் தண்ணீர் குடித்தார். "இது மேலிடத்துல முடிவு பண்ண வேண்டிய விசயம். எழுதுறேன். அதுவரைக்கும் ஒரு உதவி. பாப்பா கேள்வி வரும்போது மட்டும் கறுப்ப அமுக்கச் சொல்லுங்க."

"எதுக்கு சார்?"

"மத்தவங்க வேலை கெடக் கூடாதில்ல."

வெளியே பெஞ்சில் மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எரியோட்டிலிருந்து வந்த ஒருவர் என்னைப் பார்த்து, "ஒத்தப் பட்டனுல எங்க அம்புட்டுப் பேரு பொழப்பையும் கவுத்துட்டியே பாய்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அழுதுவிடுவார்போல் இருந்தார்.

நான் சம்மதித்தேனா என்று தெரியவில்லை. மறுக்கவில்லை.

எங்கள் படத்தைப் பார்த்த சந்தோஷத்தில் என்னைக் கவனிக்காமல் சிவப்பை அமுக்கிவிடக் கூடாது என்று வீட்டில் பழக்கினேன். என் கல்யாணப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, படத்தைக் காட்டியதும் கறுப்புப் பொட்டைத் தொட்டால் ஒரு பிஸ்கட். பாஸிலா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே செய்யிற?"

"பழக்குறேன்."

"எதுக்குப் பழக்குற? 'என்னைய உசுரோட சேக்காதீங்க'ன்னு சொல்லவா?"

"கொஞ்ச நாளைக்குத்தான்."

"ஷப்னம் மச்சிய நீ மவுத்தாக்க மாட்ட, அதான் உனக்கு. புள்ளையப் போட்டு எதுக்கு வதைக்கிற?"

அவள் அப்படிச் சொன்னது சரியா தவறா என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குள் ஒன்றும் அசையவில்லை. பிஸ்கட் தீர்ந்துவிட்டது. கடைக்குப் போய் வாங்கிவந்தேன்.

அதன்பின் ஒவ்வொரு மாலையும் நுஸைபா பேப்பர் பண்டல்மேல் நின்றாள். ஒவ்வொரு கேள்விக்கும் திரும்பி என்னைப் பார்ப்பாள். நான் கன்னத்தைத் தொடுவேன். அமுக்குவாள். கட்டை விரலுக்காகக் காத்திருப்பாள். எரியோட்டுக்காரரின் மகள் கீர்த்தனா ஆணாக இருந்து பெண்ணானாள். கல்லூரி விடுதியில் இடம் கிடைத்தது. பெஞ்சிலிருந்தவர்கள் ஆரஞ்சும் கடலைமிட்டாயும் கொண்டுவந்தார்கள். சுந்தரம்மாள் ஒரு பந்து கனகாம்பரம் கொண்டுவந்து அவள் தலையில் வைத்துவிடுவார். எல்லாரும் அவள் நூறு வயது இருக்க வேண்டும் என்று வாழ்த்தினார்கள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. எங்கள் படம் வரும்போது கறுப்பை அமுக்குவாள். பெஞ்சு முழுவதும் மூச்சு விடும்.

நாச்சிமுத்துவின் கேள்வியும் ஒரு மாலை சரியானது. அவர் சந்தோஷப்படவில்லை. என்னைத் தனியே கூட்டிப்போனார்.

"தம்பி, ஒண்ணு சொல்லோணுங்க. நானும் செத்தவன்தானுங்க."

"என்ன சொல்றீங்க?"

"கணக்குல செத்தவனுங்க. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சுங்க. சொல்லியிருந்தா நானே உள்ள போயி பாப்பாவுக்குச் செவப்ப அமுக்கியிருப்பேன். இப்ப உசுரு வந்துருச்சே. என்னங்க பண்றது?"

இருவரும் சிவபிரகாஷிடம் போனோம். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"நேத்தே சொல்லியிருந்தா நிறுத்தி வச்சிருக்கலாமேய்யா."

"அதனாலென்னங்க. என்னை மறுபடி செத்ததாப் போட்டுருங்க. எனக்குப் பூரண சம்மதமுங்க."

"உங்க சாவ நீங்களே வந்து பதிய முடியாதுங்கய்யா. வாரிசுதான் வரணும்."

நாச்சிமுத்து ஊருக்குப் போய் மகனிடம் கேட்டார். உயிரோடிருக்கும் அப்பனைச் சாகடித்தான் என்று ஊர் பேசும் என்று மகன் மறுத்துவிட்டான். பெரியவர் அதற்காக மகனோடு பேச்சை நிறுத்தினார்.

வேறு யாராவது தவறாக இறந்தவர் வருவார் என்று காத்திருந்தேன். பெஞ்சில் புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும், "நீங்க உயிரோட இருக்கீங்களா?" என்று கேட்பேன். இருந்தார்கள். ஒரு வரி தள்ளும் கோளாறை நிபுணர்கள் வந்து சரிசெய்துவிட்டதாக சிவபிரகாஷ் சொன்னார். இனி மாவட்டத்தில் யாரும் தவறாகச் சாக முடியாது. எங்கள் மாவட்டத்துக் கேள்விகள் தீரத் தீரப் பக்கத்து மாவட்டங்களின் கேள்விகளும் இந்த அறைக்கு வந்தன. என் மனு மேலிடத்தில் இருந்தது. நிலையம் அதற்குப் பரிந்துரை எழுதியிருந்தது. நகல் கேட்டு வாங்கினேன். 'மேற்படி குழந்தையின் தற்போதைய நிலை நிலையத்தின் பணிக்கு இன்றியமையாதது' என்றிருந்தது.

ஒரு வியாழக்கிழமை அல்போன்சா அம்மாள் படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.

"தம்பி, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. அன்னைக்கு சங்கு அடிச்சுச்சுல்ல, அது தானா அடிக்கிறது. ஆனா ரத்து பண்றது தானா நடக்காது. சென்னையில ஒருத்தர் வந்து கையால பண்ணணும். அவரு காலையில பத்து மணிக்குத்தான் ஆபீசுக்கு வருவாரு."

எனக்கு மெதுவாகப் புரிந்தது. சிவப்பை அமுக்கினால் மறுநாள் காலைவரை அவள் உயிரோடிருப்பாள்.

ரூபிக்குப் போன் செய்தேன். கருவி வைக்க வேண்டிய குழந்தைகளின் பட்டியல் வெள்ளிக்கிழமை மாலையோடு முடிகிறது என்றாள். அடுத்தது வரும்போது நுஸைபாவின் வயது வரம்பைத் தாண்டியிருக்கும்.

"ஒரு நிமிசம் உயிரோட காட்டினாப் போதும் சார். நான் உள்ள ஏத்திருவேன். ஏத்திட்டா அப்புறம் அவங்க என்ன மாத்துனாலும் எங்க லிஸ்ட் மாறாது. எங்க சிஸ்டம் வேற. நீங்க போன்லயே இருங்க, நான் உக்காந்திருக்கேன்."

வெள்ளிக்கிழமை நிலையத்தில் விழா. சென்னையிலிருந்து இயக்குநர் கேடயத்தோடு வந்திருந்தார். எல்லாக் கேள்விகளுக்கும் ஆளில்லாமலே பதில் கிடைக்கும் ஒரே நிலையம் என்று பந்தலில் எழுதியிருந்தது. கண்ணாடிக்கு எதிரே சோபா போட்டிருந்தார்கள். பிரியாணி வாசம் வந்தது. நாச்சிமுத்துவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவர் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"அமுக்கச் சொல்லுங்க தம்பி. மத்தவங்க கேள்வி நாளைக்கு மறுபடி வருமுங்க. நான் பேசிக்கிறேன்."

இயக்குநர் பேசினார்.

"மனிதன் தவறு செய்பவன். ஆகவே அவனை அகற்றினோம். அகற்றியபின் ஒரு பிரச்சினை வந்தது. வேலை நடக்கவில்லை. ஆனால் தவறும் நடக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். திண்டுக்கல் நிலையம் அடுத்த படிக்குச் சென்றிருக்கிறது. இங்கே வேலையும் நடக்கிறது, ஆளும் இல்லை. எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்பது என் வேலையல்ல. உள்ளே யாருமில்லை என்பதைக் காண இத்தனை பேர் திரண்டிருக்கிறீர்கள். எனக்குப் பெருமையாக இருக்கிறது."

கைதட்டினார்கள். முகேஷ்குமார் நுஸைபாவைப் பண்டல்மேல் நிறுத்திவிட்டு வெளியே வந்து பூட்டினார். தலை நிறையக் கனகாம்பரம். மணி அடித்தது. அல்போன்சா அம்மாள் உள்ளே பார்த்தார்.

"ஆளில்ல சார்" என்றார். கையெழுத்திட்டார்.

இயக்குநரும் எட்டிப் பார்த்தார். குழந்தை அவருக்குக் கை ஆட்டியது. "ஆமாம், இல்லை" என்றார் அவர்.

கேள்விகள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றுக்கும் அவள் திரும்பினாள், நான் கன்னத்தைத் தொட்டேன், அவள் அமுக்கினாள். இடது கையால் போனைக் காதில் வைத்திருந்தேன். மறுமுனையில் ரூபி தட்டச்சு செய்துகொண்டிருப்பது கேட்டது.

"எல்லாம் ரெடியா அடிச்சு வச்சிருக்கேன் சார். உயிரோடன்னு வந்ததும் ஒரே ஒரு பட்டன்."

"அடுத்தது எங்களது" என்றேன்.

திரையில் என் படம் வந்தது. பக்கத்தில் ஷப்னம். நான் வலது கையை உயர்த்தி வலக் கன்னத்தில் அழுத்தி வைத்துக்கொண்டேன். நாச்சிமுத்துவும் தன் வலக் கன்னத்தில் கை வைத்தார். பின்னால் பெஞ்சிலிருந்த சுந்தரம்மாள் என்ன நினைத்தாரோ, அவரும் வைத்தார்.

நுஸைபா திரும்பவில்லை.

படத்தைப் பார்த்தாள். அவளுக்கு இது தெரியும். யாரையும் கேட்க வேண்டியதில்லை. விரலை நீட்டிக் கறுப்புப் பொட்டை அமுக்கினாள்.

நான் கண்ணாடியைத் தட்டினேன். கண்ணாடியைத் தட்டி அவளை என்றைக்கும் திருப்ப முடியாது. கேள்வி மறைந்தது. அடுத்த மாவட்டத்திலிருந்து யாரோ ஒருவருடைய படம் வந்தது. சங்கு ஒலிக்கவில்லை. இயக்குநர் சோபாவிலிருந்து எழுந்து கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள்.

"சார், வந்திருச்சா?" என்றாள் ரூபி. "என் ஸ்கிரீன்ல இன்னும் இறந்தேதான் இருக்கு. சார், லைன்ல இருக்கீங்களா?"

இப்போதுதான் நுஸைபா திரும்பினாள். தானாகவே செய்துவிட்ட சந்தோஷம் முகம் முழுக்க இருந்தது. அடுத்த கேள்வி காத்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கட்டை விரலை உயர்த்தும்வரை அப்படித்தான் நிற்பாள்.

உயர்த்தினேன்.